ஏறுபடியில் வெடிப்பு: வீட்டில் கட்டிய சிறு விமானத்துக்கும் எங்கள் உழவு இயந்திரத்துக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்துப் பரந்தனில் ஒட்டுவேலை (வெல்டிங்) கராஜ் வைத்திருக்கிறேன். உழவு இயந்திரம், இழுவைப்பெட்டி, கேற், கிணற்றுக் கப்பிச் சட்டம் என்று வருவதையெல்லாம் ஒட்டிக் கொடுப்பது என் தொழில். என் அக்காவின் மகன் கனடாவில் இருக்கிறான். மாலை நேரங்களையும் வார இறுதிகளையும் ஆண்டுக்கணக்கில் செலவிட்டு, இரண்டு பேர் அமரும் அலுமினிய விமானம் ஒன்றைத் தன் கார்க் கொட்டகையிலேயே கட்டி முடித்தவன். சென்ற தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, பெட்டிக்குள் துவாயில் சுற்றி ஓர் இரும்புத் துண்டைக் கொண்டுவந்தான். விமானத்தில் ஏறும்போது முதற்காலை வைக்கும் படி அது. வெடித்திருந்தது.

அந்தப் படியை நாங்கள் இருவரும் மூன்று நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். அந்தக் கதை உறவினர் வழியாகப் பரவியது. இப்போது விமானம் கட்டும் தமிழ்ப் பிள்ளைகள் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கேட்கிறார்கள். உழவு இயந்திரப் படி ஒட்ட வருகிறவர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாததால் இங்கே எழுதிவைக்கிறேன்.

விமானத்துக்கு எதற்கு ஏறுபடி? இறக்கைமேல் நேராக ஏற முடியாதா?

சில விமானங்களில் ஏறலாம். வாலில் சிறு சக்கரம் உள்ள விமானம் தரையில் வாலைத் தாழ்த்தி நிற்கும். இறக்கையின் பின்விளிம்பும் தாழ்ந்திருக்கும். காலைத் தூக்கி வைத்தால் போதும். மூக்கில் சக்கரம் உள்ள விமானம் மட்டமாக நிற்பதால் பின்விளிம்பு உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் இறக்கைக்குச் சற்றுப் பின்னால், விமானத்தின் விலாவிலிருந்து ஓர் உருக்குக் குழாயை வெளியே நீட்டி, அதன் நுனியில் பாதம் வைக்கும் அளவுக்கு ஒரு மிதிதட்டை ஒட்டிவிடுகிறார்கள். பார்வைக்குச் சின்னப் பொருள். ஏறுகிறவரின் முழுப் பாரத்தையும் ஒரு கணம் தனியாகத் தாங்குவது அதுதான்.

வெடிப்பு எந்த இடத்தில் வரும்?

பெரும்பாலும், குழாய் விமான உடலைத் தொடும் இடத்தில். அங்கே குழாயைச் சுற்றி ஓர் அடித்தட்டு ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தட்டுத்தான் விமானத்தின் வெளித்தகடான அலுமினியத் தோலோடு றிவெற் (தறையாணி) அடித்துப் பூட்டப்படும். வெடிப்பு ஒட்டின் நடுவில் பிறப்பதில்லை. ஒட்டு முடிந்து குழாய் தொடங்கும் விளிம்பில், மேற்புறத்தில் பிறக்கும். பாரம் கீழே இழுக்கும்போது குழாயின் மேற்புறம்தான் நீள இழுபடுகிறது. ஒட்டின் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் இருந்தால் இழுவிசை அங்கே குவிகிறது. ஒட்டும்போது சூடேறிக் குணம் மாறிய உலோகமும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது இடம் மிதிதட்டும் குழாயும் சேரும் மூட்டு. மூன்றாவது, பலர் பார்க்க மறப்பது: படியைச் சுற்றியுள்ள அலுமினியத் தோல். அங்கே றிவெற் தலையைச் சுற்றிக் கறுப்பாகப் புகை படிந்ததுபோல் ஒரு வளையம் தெரிந்தால், அதை அழுக்கு என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். றிவெற் ஆடி ஆடி அலுமினியத்தை உரசிய பொடி அது.

பெயின்ற் வெடித்திருக்கிறதா, இரும்பு வெடித்திருக்கிறதா? எப்படி அறிவது?

முதலில் பெயின்றை நீக்குங்கள். கிறைண்டர் வேண்டாம். கிறைண்டர் உலோகத்தை இழுத்து வெடிப்பின் வாயை மூடிவிடும். பிறகு எந்தச் சோதனையிலும் அது தெரியாது. பெயின்ற் கரைக்கும் திரவமும் துணியும் போதும்.

மருமகன் வெளிநாட்டில் இதற்கென்றே விற்கும் சிவப்புச் சாயத்தைப் பற்றிச் சொன்னான். சாயத்தைத் தெளித்து, அது வெடிப்புக்குள் இறங்கக் குறித்த நேரம் விட்டு, மேற்பரப்பைத் துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளித்தால் வெடிப்பிலிருந்து சிவப்பு கசிந்து வரும். நல்ல முறை, விமானத்துக்கு அதையே செய்யுங்கள். என் கராஜில் அது இல்லை. மண்ணெண்ணெயும் வெண்கட்டியும் இருந்தன. ரயில் அச்சுகளை அந்தக் காலத்தில் இப்படி எண்ணெயும் வெள்ளைப் பொடியும் கொண்டுதான் பார்த்தார்கள். சிவப்புச் சாயம் அந்த முறையிலிருந்து வளர்ந்ததே.

படியை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்தோம். காலையில் பழைய சாரத் துணியால் நன்றாகத் துடைத்து உலரவிட்டு, வெண்கட்டியைப் பொடியாக்கி விரலால் தேய்த்தேன். குழாய் முழுவதும் வெள்ளையானது. பிறகு அடித்தட்டைப் பிடிகருவியில் இறுக்கிவிட்டு, நுனியை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினேன். வெள்ளையின் நடுவில், தலைமயிர் ஒன்றை வைத்ததுபோல் ஒரு சாம்பல் கோடு மெதுவாக ஊறி வந்தது. மருமகன் ஏற்கெனவே கண்டிருந்த வெடிப்பு அது. நான் படியைத் திருப்பினேன். கீழ்ப்புறத்திலும் இன்னொரு கோடு, அரை அங்குல நீளத்தில், ஊறிக்கொண்டிருந்தது. அதை அவன் கண்டிருக்கவில்லை. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

மேற்புறம் ஒரு வெடிப்பு என்றால் பாரம் அதிகம் என்று சொல்லலாம். கீழ்ப்புறத்திலும் வெடிப்பு என்றால் படி மேலும் கீழும் இரண்டு பக்கமும் ஆடியிருக்கிறது என்று பொருள். மனிதக் கால் கீழ்நோக்கித்தான் அழுத்தும். அப்படியானால் மேல்நோக்கி ஆட்டியது எது?

பறக்கும்போது படியில் யாரும் நிற்பதில்லையே. எது அதை ஆட்டுகிறது?

காற்றும் எந்திரமும். புரொப்பெல்லர் தள்ளிவிடும் சுழற்காற்றின் வழியில்தான் இந்தப் படி நீட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு சிலிண்டர் எந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சிலிண்டர்களுக்குள் எரிபொருள் பற்றி வெடிக்கிறது. விநாடிக்கு 80 உதறல். இரண்டு அலகுப் புரொப்பெல்லரின் அலகுகளும் விநாடிக்கு 80 முறை அதே இடத்தைக் கடக்கின்றன. ஒரு மணி நேரத்தில் 2,88,000 உதறல். நூறு மணி நேரம் பறந்தால் கிட்டத்தட்ட மூன்று கோடி.

ஒவ்வொன்றும் சின்னஞ்சிறிய உதறல்தான். உருக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு: குறித்த அளவுக்குக் கீழே உள்ள விசையை எத்தனை கோடி முறை கொடுத்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அந்தக் குணம் இல்லை. விசை சிறிதாக இருந்தாலும் எண்ணிக்கை போதுமானால் ஒருநாள் வெடிக்கும். ஆகவே படி இறுக்கமாக நின்றால் உருக்கு தாங்கிவிடும். படி தளர்ந்து ஆடினால் உருக்கும் அந்த எல்லையைத் தாண்டும். அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அதற்கு முன்பே போய்விடலாம்.

சரி, உண்மையில் ஏன் வெடித்தது?

இந்தப் பக்கம் முழுவதிலும் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பதிலை வையுங்கள்.

குழாய் அடித்தட்டோடு முடிவதில்லை. அது விமான உடலுக்குள்ளும் ஒரு சாண் அளவுக்குப் போய், உள்ளே இருக்கும் ஒரு சட்டத்தில் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் அள்ளும் எங்கள் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். துலாவைத் தாங்கும் ஆடுகாலுக்கு அந்தப்பக்கம் வாளியின் பாரம், இந்தப்பக்கம் அடிமரத்தின் பாரம். அடிமரப் பக்கம் பிடி இருக்கும்வரை துலா சமநிலையில் நிற்கும். படியும் அப்படித்தான். அடித்தட்டு ஆடுகால்; வெளிநுனியில் மனிதன்; உள்நுனியில் போல்ட். வெளிநுனி கீழே போக முயலும்போது உள்நுனி மேலே எழும்ப முயல்கிறது. போல்ட் அதை எழும்ப விடாமல் பிடிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 90 கிலோ எடையுள்ள ஒருவர் 30 சென்ரிமீற்றர் வெளியே கால் வைக்கிறார். உள்நுனி 20 சென்ரிமீற்றர் உள்ளே இருக்கிறது. உள்போல்ட் 135 கிலோ விசையோடு பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் மெதுவாக ஏறாமல் திடீரென்று முழுப் பாரத்தையும் போட்டால் எல்லாம் இரட்டிப்பாகும். அவ்வளவையும் அந்த ஒரு போல்ட் தாங்கும், இறுக்கமாக இருந்தால்.

மருமகனிடம் உள்போல்ட்டைப் பற்றிக் கேட்டேன். படியைக் கழற்றும்போது எடுத்த படங்களைத் தொலைபேசியில் காட்டினான். பெரிதாக்கிப் பார்த்தோம். போல்ட் போன துளை வட்டமாக இல்லை. முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தது. போல்ட் எப்போதோ தளர்ந்து, துளையைத் தின்றுவிட்டது. உள்நுனிக்குப் பிடி போனதும், தாங்குபுள்ளியாக மட்டும் இருக்கவேண்டிய அடித்தட்டு முழு வளைவிசையையும் தானே சுமந்திருக்கிறது. பறக்கும்போது குழாய் மேலும் கீழும் ஆடியிருக்கிறது. கீழ்ப்புற வெடிப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

வெளியே தெரிந்த வெடிப்பை மட்டும் ஒட்டிவிட்டு அந்தப் படியைத் திரும்பப் பூட்டியிருந்தால், அதே இடத்தில் மீண்டும் வெடித்திருக்கும். ஒட்டிய ஆளைத்தான் எல்லோரும் குறை சொல்லியிருப்பார்கள். வெடிப்பு என்பது பாரம் எந்த வழியாகப் போயிருக்கிறது என்ற தடயம். தடயத்தை அழிப்பதற்கு முன் அதைப் படிக்க வேண்டும்.

வெடிப்பின்மேல் ஒரு கோடு வெல்டிங் போட்டால் போதாதா?

போதாது. மேலே போட்ட ஒட்டு வெடிப்பின் வாயை மட்டும் மூடுகிறது. அடியில் அது அப்படியே இருக்கிறது. புதிய ஒட்டின் அடியிலிருந்து வளர்ந்து மேலே வரும், இந்த முறை கண்ணுக்குத் தெரியாமல். உள்ளே புகுந்த எண்ணெய், பெயின்ற், துரு எல்லாம் ஒட்டுக்குள் குமிழிகளாகச் சிக்கிக்கொள்ளும். இதுவரை எத்தனையோ உழவு இயந்திரப் படிகளை, ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டு ஒட்டுகள் போட்டுக் கட்டியாகத் திரண்ட நிலையில் பார்த்திருக்கிறேன். அத்தனையும் அந்தக் கட்டியின் ஓரத்தில்தான் முறிந்திருந்தன.

இந்தக் குழாய் என்ன இரும்பு? வேறு குழாய் போட்டு ஒரு படியை நாமே செய்யலாமா?

பெரும்பாலான சிறு விமானங்களில் உருக்குக் குழாய் வேலைக்கு 4130 என்ற குரோம்-மொலிப்டினம் உருக்கைப் பயன்படுத்துகிறார்கள். அதில் கரி ஏறக்குறைய 0.30 வீதம், குரோமியம் ஒரு வீதத்தை ஒட்டி, மொலிப்டினம் 0.2 வீதத்தை ஒட்டி இருக்கும். அதே தடிப்புள்ள சாதாரண இரும்புக் குழாயைவிட வலிமை மிக அதிகம். அதனால்தான் மெல்லியதாகச் செய்ய முடிகிறது.

தண்ணீர்க் குழாயை வெட்டி அதே வடிவத்தில் செய்தால் பார்வைக்கு அதுபோலவே இருக்கும், வலிமை இருக்காது. வலிமைக்காகத் தடிப்பைக் கூட்டினால் பாரமும் கூடும், உதறலும் மாறும். லொறியின் வில்லுத் தகட்டை எடுத்துச் செய்யலாம் என்றும் ஒருவர் கேட்டார். வில்லுத் தகட்டில் கரி மிக அதிகம். ஒட்டியதும் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். விமானத்தில் மட்டுமல்ல, உழவு இயந்திரத்திலும் அதை ஒட்டாதீர்கள்; துளையிட்டுப் போல்ட் போட்டுப் பூட்டுங்கள்.

விமானப் படியைத் தயாரித்தவரிடம் புதிய படி கிடைக்குமானால், அதை வாங்கிப் பூட்டுவதுதான் என் முதல் யோசனை. பழுதுபார்த்துப் பிழைக்கிற நான் இதைச் சொல்கிறேன் என்றால் யோசித்துத்தான் சொல்கிறேன்.

ஒட்டத்தான் வேண்டும் என்றால் சரியான முறை என்ன?

ஒட்டும் இடத்தை ஆர்கன் வாயுவால் போர்த்தி ஒட்டும் ஆர்கன் வெல்டிங், அல்லது நல்ல கை கொண்டவரின் காஸ் வெல்டிங். விமானக் குழாய்ச் சட்டங்கள் பல ஆண்டுகாலம் காஸ் சுவாலையில்தான் ஒட்டப்பட்டன. அது குறைந்த முறை இல்லை. குச்சி வைத்து ஒட்டும் கரண்ட் வெல்டிங் இந்த மெல்லிய குழாய்க்கு ஆகாது.

வேலை தொடங்குமுன் படியின் அமைப்பை மரப்பலகையில் வரைந்து, அடித்தட்டுக்கும் நுனிக்கும் கட்டைகள் அடித்து ஓர் அச்சுச் சட்டம் செய்துகொள்ளுங்கள். சூட்டில் குழாய் இழுபடும். சட்டம் இல்லாவிட்டால் படி கோணலாகிப் பூட்டும் துளைகள் பொருந்தாது. பிறகு பழைய ஒட்டு முழுவதையும் அரத்தால் ராவி நீக்குங்கள். வெடிப்பு இருந்த குழாய்த் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைப்பதே மேல். இரண்டு குழாய்களை நீளவாட்டில் சேர்க்கும்போது நேராக வெட்டிச் சேர்க்காதீர்கள். உள்ளே இறுக்கமாகப் போகும் ஒரு குழாயோ வெளியே போர்த்தும் ஒரு குழாயோ வைத்து, முனையை மீன்வாய்போல் 30 பாகைச் சரிவில் வெட்டுங்கள். அப்போது ஒட்டு முழுவதும் ஒரே வட்டத்தில் விழாது. வளையும்போது விசை பரவிப் போகும். அமெரிக்க விமான நிருவாகத்தின் ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டியில் இதற்கான படங்கள் இருக்கின்றன. மருமகன் எனக்கு அவற்றை அச்சடித்துத் தந்தான். கராஜ் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

நிரப்புக் கம்பி ஈஆர்70எஸ்-2. அது 4130ஐவிட மென்மையானது, இழுபடக் கூடியது. ஒட்டு சற்று வளைந்து கொடுப்பது இங்கே நல்லது. 1.5 மில்லிமீற்றர் குழாய்க்கு 60 அம்பியர் அளவில் தொடங்கி, முதலில் ஒரு வெட்டுத்துண்டில் பழகுங்கள். நான்கு இடத்தில் புள்ளி வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக ஒட்டிக்கொண்டு வாருங்கள். முடிக்கும் இடத்தில் சுவாலையைத் திடீரென்று எடுக்காமல் மெதுவாகக் குறையுங்கள். திடீரென்று எடுத்தால் அங்கே ஒரு குழி விழும்; அந்தக் குழியில்தான் அடுத்த வெடிப்பு பிறக்கும்.

குழாயின் இரண்டு முனையும் அடைபட்டிருந்தால் ஒரு சிறு துளை விடுங்கள். விடாவிட்டால் உள்ளே சூடான காற்று விரிந்து கடைசி ஒட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். எல்லாம் ஆறிய பிறகு அந்தத் துளைவழியே ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, உட்புறம் முழுவதும் படும்படி உருட்டி, மிச்சத்தை வடித்துவிட்டுத் துளையை மூடுங்கள். உள்ளிருந்து துருப்பிடிக்காது.

தண்ணீர் ஊற்றி ஆற்றலாமா?

கூடவே கூடாது. இரும்புக் கேற்றுக்கு ஊற்றுகிற பழக்கத்தில் கை தானாகவே வாளிக்குப் போகும். 4130ஐத் திடீரென்று குளிர்வித்தால் ஒட்டோரம் கடினமாகி நொறுங்கும். மின்விசிறியும் வேண்டாம். கராஜ் கதவைச் சாத்திவிட்டு அசையாத காற்றில் தானாக ஆறவிடுங்கள். எங்கள் பக்கத்தில் சோளகக் காற்று வீசும் காலத்தில் இதற்கென்றே தட்டி கட்டி மறைக்க வேண்டியிருக்கும். அந்தக் காற்று ஆர்கனையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

பித்தளை வைத்து ஒட்டினால்?

சைக்கிள் சட்டத்தைப் பித்தளையில் ஒட்டி வன்னி முழுவதும் ஓடியிருக்கிறோம். ஆனால் ஒருமுறை பித்தளை பட்ட இடத்தில் பிறகு உருக்கி ஒட்ட முடியாது. உருகிய செம்பு சூடான உருக்கின் மணிகளுக்கு இடையே புகுந்து அதைப் பிளக்கும். விமானப் படியில் பித்தளை வைத்தீர்கள் என்றால் அந்தப் படியை இனி எறியத்தான் வேண்டும்.

வெடிப்பின் முனையில் துளை போட்டால் நிற்கும் என்கிறார்களே?

அலுமினியத் தோலில் சிறு வெடிப்பு என்றால், அதன் முனையைக் கண்டுபிடித்து 3 மில்லிமீற்றர் அளவில் ஒரு துளை போடுவது தெரிந்த வழி. கூரிய முனையில் குவிந்த விசை துளையின் வட்டத்தில் பரவுகிறது. ஆனால் அது வெடிப்பை நிறுத்திவைக்கும், பழுதைத் தீர்க்காது. காரணத்தை நீக்கிவிட்டு, மேலே அதே வகை அலுமினியத் தகட்டை வைத்து றிவெற் செய்ய வேண்டும். றிவெற்றின் நடுவுக்கும் தகட்டின் ஓரத்துக்கும் இடையே றிவெற் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இடைவெளி வேண்டும். ஒரு றிவெற்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே மூன்று மடங்காவது வேண்டும். விமானத் தோலுக்குப் பயன்படும் 2024 வகை அலுமினியத்தை ஒட்ட நினைக்காதீர்கள், ஒட்டும்போதே வெடிக்கும்.

உருக்குப் படிக் குழாயில் துளை போட்டுவிட்டுத் தொடர்ந்து பயன்படுத்துவது தவறு. குழாயின் மேற்புறம்தான் இழுவிசையைத் தாங்குகிறது. அங்கே துளை போட்டால் மிச்சமிருக்கும் வலிமையையும் எடுத்துவிடுகிறீர்கள்.

முட்டுத்தகடு வைத்துப் பலப்படுத்தலாமா?

வைக்கலாம், எங்கே முடிப்பது என்று தெரிந்தால் மட்டும். முக்கோணத் தகட்டைக் குழாய்க்குக் குறுக்கே வெட்டென்று முடித்தால், அடுத்த வெடிப்பு அந்தக் கோட்டில் வரும். விரல் நுனிபோல் மெலிந்து முடிய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. படியை மிகவும் விறைப்பாக்கினால் அது வளைய மறுக்கும். வளைகிற வேலை பக்கத்திலுள்ள மெல்லிய அலுமினியத்துக்குப் போகும். 1,000 ரூபா படியைக் காப்பாற்றி விமானத்தின் விலாவை உடைத்த கதையாகிவிடும்.

ஒட்டும்போது என்ன ஆபத்து?

மூன்று நச்சுகள். விமானப் போல்ட்டுகளில் பொன்னிறமாகப் பூசியிருப்பது கட்மியம். அதைச் சூடாக்கிய புகை நுரையீரலைத் தாக்கி ஆளைக் கொல்லும். ஒட்டுமுன் எல்லாப் போல்ட்டையும் கழற்றி அப்பால் வையுங்கள். நாகம் பூசிய குழாயின் வெண்புகை காய்ச்சல் தரும். பிரேக் கழுவும் திரவங்களில் குளோரின் சேர்ந்தவை உண்டு. அவற்றால் துடைத்துவிட்டு ஈரம் காயுமுன் ஒட்டினால் பொஸ்ஜீன் என்ற கொடிய வாயு உண்டாகும். அசற்றோனால் துடையுங்கள், முழுமையாக உலரவிடுங்கள். மண்ணெண்ணெய் ஊறவைத்த படி என்றால் இரண்டு முறை துடையுங்கள்.

வெடித்த படியோடு ஓரிரு முறை பறக்கலாமா?

வேண்டாம். படி கழன்றால் அது போகும் திசையில் விமானத்தின் வால் இருக்கிறது. படியைக் கழற்றி, துளையை ஒரு தகட்டால் மூடி, அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு ஒரு சிறு முக்காலி வைத்து ஏறுங்கள். மருமகன் நான்கு மாதம் அப்படித்தான் ஏறினான்.

இப்படிப் பழுதுபார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில், விமானத்தின் பெரும்பங்கைத் தானே கட்டியவர் அந்த விமானத்துக்கு மட்டுமான பழுதுபார்ப்பாளர் சான்றிதழைப் பெற்று, ஆண்டுச் சோதனையைத் தானே செய்யலாம். இலங்கையில் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சேவைகள் சட்டத்தின் கீழ் எல்லாம் வருகிறது. அதிகார சபையைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். எந்த நாடானாலும் செய்த வேலையைத் திகதியோடு பதிவேட்டில் எழுதுங்கள்.

நீங்கள் ஏன் அந்தப் படியை ஒட்டிக் கொடுக்கவில்லை?

எல்லோரும் கேட்கிறார்கள், அக்காவும் கேட்டார். என்னிடம் ஆர்கன் இயந்திரம் இருக்கிறது. ஆனால் 4130ஐ நான் நாள்தோறும் ஒட்டுகிறவன் இல்லை. என் ஒட்டைச் சோதித்துப் பார்க்கும் வசதி இங்கே இல்லை. உழவு இயந்திரப் படி முறிந்தால் ஒருவர் அரை மீற்றர் உயரத்திலிருந்து விழுவார். இது முறிந்தால் யார் விழுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். அச்சுச் சட்டத்தைச் செய்து, எங்கே வெட்ட வேண்டும் என்று வெண்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தேன். கனடாவில் விமானக் குழாய் வேலையே தொழிலாகக் கொண்ட ஒருவர் ஒட்டினார்.

எங்கள் உழவு இயந்திரப் படியும் இப்படித்தான் வெடிக்கிறது. அதற்கு என்ன வழி?

இயந்திரம் பெரியது என்பதைத் தவிரக் காரணம் அதேதான். காலபோக (மாரிகால நெற்செய்கை) வேலை நேரத்தில் 70 கிலோ ஆள் 50 கிலோ உரமூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு படியில் ஏறுகிறார். இரண்டு போல்ட்டில் ஒன்று தளர்ந்திருக்கிறது. மற்ற போல்ட்டின் துளையோரம் வெடிக்கிறது. என்னிடம் கொண்டுவருகிறவர்கள் வெடிப்பைக் காட்டுகிறார்கள். நான் கீழே படுத்து முதலில் மற்றப் போல்ட்டைப் பார்க்கிறேன். பத்தில் எட்டுக்கு அது கையால் சுற்றினாலே சுற்றும்.

வெடித்த படியை ஒட்டுவதைவிடப் புதிதாகச் செய்வது மலிவு. தடித்த பட்டை இரும்பை எடுத்து, வளைக்கும் இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, கூர்மூலை விழாமல் உருண்டையாக வளைத்துக்கொள்ளுங்கள். துளையைக் காஸ் சுவாலையால் ஊதி எடுக்காதீர்கள். அந்தத் துளையின் ஓரம் கடினமாகவும் பல்லுப் பல்லாகவும் இருக்கும், வெடிப்புக்கு அதுவே தொடக்கம். துரப்பணத்தால் துளைத்து, ஓரத்தை அரத்தால் மழுக்குங்கள். பூட்டும்போது வில்லு வாசர் போடுங்கள். ஒட்ட வேண்டிய இடம் இருந்தால் இந்த இரும்புக்குக் கரண்ட் வெல்டிங் போதும். மாரிகாலத்தில் வெல்டிங் குச்சி ஈரம் பிடித்திருக்கும். 7018 குச்சிக்கு வெயில் போதாது, அதற்கென்ற அடுப்பில் சூடாக்கித்தான் ஈரத்தை எடுக்க வேண்டும்.

விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) ஓடிய ஊரில் விமானம் பற்றி எழுதுகிறீர்களே?

ஒரு முதியவர் இதைக் கேட்டார், கோபத்தோடு கேட்கவில்லை. உண்மைதான். போர்க்காலத்தில் எங்களுக்கு விமானம் என்றால் கிபிர் என்ற குண்டுவீச்சு விமானம், தலைக்கு மேலே கிழிகிற சத்தம், பங்கருக்குள் பிள்ளைகளின் மூச்சு. மருமகனும் அந்தப் பங்கருக்குள் இருந்த பிள்ளைதான். அவன் ஒரு விமானத்தைத் தன் கையால், ஒவ்வொரு றிவெற்றாக அடித்துக் கட்டினான் என்று கேட்டபோது எனக்கு முதலில் பேச்சு வரவில்லை. அதில் ஏறுகிற படியை என் மேசையில் வைத்தபோது, அதைச் சரியாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது. இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை ஐயா.

மகனுக்கு ஒட்டுவேலை பழக ஆசை. எங்கே அனுப்பலாம்?

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. நேரில் போய் எந்தெந்தப் பயிற்சிகள் நடக்கின்றன என்று கேளுங்கள். தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் இருந்தால் வெளியூரிலும் மதிப்பு உண்டு. கராஜில் பழக வேண்டும் என்றால் என்னிடமும் அனுப்பலாம். முதல் மாதம் அரமும் வெண்கட்டியும்தான் கொடுப்பேன்.

பழுதுபார்த்த பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு முறை ஏறுமுன்னும் கையால் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். 'டிக்' என்ற சத்தம் வந்தால் ஏறாதீர்கள். புதிதாகப் பூட்டிய படியைப் பத்து மணி நேரம் பறந்ததும் ஒருமுறையும், 50 மணி நேரத்தில் ஒருமுறையும் பெயின்றோரத்தையும் றிவெற்றையும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். உள்போல்ட்டை இறுக்கிய பின் அதன் தலையிலிருந்து சட்டம்வரை பெயின்றால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். போல்ட் திரும்பினால் கோடு முறிந்து தெரியும். முதன்முறை ஏறுகிற விருந்தினருக்கு எங்கே கால் வைப்பது என்று சொல்லுங்கள்: மிதிதட்டின் வெளிநுனியில் அல்ல, விமானத்தை ஒட்டிய பக்கத்தில். இறங்கும்போது குதிக்க விடாதீர்கள்.

மருமகன் உள்சட்டத்துக்குப் புதுத் தகடு வைத்து, துளையைச் சரிசெய்து, பழுதுபார்த்த படியைப் பூட்டினான். 50 மணி நேரச் சோதனைக்குச் சிவப்புச் சாயம் வாங்கியிருந்தும், அதற்கு முன் ஒருமுறை வெண்கட்டிப் பொடி தேய்த்துப் பார்த்ததாகச் சொல்லிப் படம் அனுப்பினான். குழாய் முழுவதும் வெள்ளை. கோடு எதுவும் ஊறி வரவில்லை. அடுத்த படத்தில் உள்போல்ட். அதன்மேல் அவன் இழுத்த சிவப்புக் கோடு முறியாமல் நேராக இருந்தது.